கரையில் இருப்போர் பட்டியல்

ஏப்ரல் 6, ஞாயிறு

அலுவலகத்தில் கொடுத்த டைரி மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று முதல் இது கோடைப் பயணத் திட்டத்துக்கு மட்டும். சொந்தக் கதை எதுவும் இதில் எழுதுவதாக இல்லை.

என் மனைவி உலகம்மை வீட்டில் ஒரு வழக்கம். அக்காள் தங்கை இருவர். சகலைகள் நாங்களும் இருவர். ஒரு வருடம் மூத்த சகலை, மறுவருடம் இளைய சகலை என்று முறை வைத்து மே மாதத்தில் இரண்டு குடும்பத்தையும் எங்காவது அழைத்துப் போகவேண்டும். போன வருடம் மூத்த சகலை ஆவுடையப்பன் அண்ணாச்சி எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். மே மாதத்தில்! அருவி விழவேண்டிய பாறையைப் பார்த்தோம், புரோட்டா தின்றோம், திரும்பினோம். அதைச் சொல்லியே ஒரு வருடமாக அவரை ஓட்டி வந்திருக்கிறேன். ஆகவே என் முறையில் தண்ணீர் இருந்தே ஆகவேண்டும்.

கண்டுபிடித்துவிட்டேன். கேரள எல்லைப் பக்கம் ஓர் அணைக்கட்டு ஏரி. கரையில் 'நீர்க்கோழி' என்று ஒரு முகாம். முதல் நாள் ஏரியில் கயாக் என்கிற ஒல்லித் துடுப்புப் படகு, பனானா போட், நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகை. மறுநாள் அணைக்குக் கீழே ஆற்றில் இருவர் ஏறும் கயாக்கில் நான்கு கிலோமீட்டர். ஆவுடையப்பன் வாயைப் பிளப்பார்.

பட்டியல்:
நீரில் இறங்குவோர்: நான், மகள் யாழினி, ஆவுடையப்பன் அண்ணாச்சி, அவர் மனைவி சொர்ணம் மதினி.
கரையில் இருப்போர்: உலகம்மை.

சாப்பாட்டுக்கும் பைகளுக்கும் ஓர் ஆள் வேண்டுமே. பட்டியலை வாசித்துக் காட்டினேன். உலகம்மை அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சரி" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முகாமின் படிவத்தை இணையத்தில் நிரப்பினேன். ஒவ்வொருவருக்கும் வயது, எடை, நீந்தத் தெரியுமா என்று மூன்று கட்டம். தெரிந்தவருக்குக் கையில் பச்சைப் பட்டை கட்டுவார்களாம், தெரியாதவருக்குச் சிவப்பு. எடை கேட்பது லைஃப் ஜாக்கெட் அளவுக்காக. நான் இருபத்திரண்டு வருடமாக எடையளவு முத்திரை ஆய்வாளர். மதுரையில் எந்தக் கடைத் தராசும் என்னிடம் தப்பியதில்லை. ஆளைப் பார்த்தே எடை சொல்லிவிடுவேன். உலகம்மைக்கு ஐம்பத்தெட்டு என்று போட்டேன். அவளிடம் கேட்கவில்லை.

நீச்சல் கட்டம். ஆவுடையப்பன், சொர்ணம் மதினி இருவருக்கும் தெரியும். யாழினி பள்ளியில் ஒரு கோடை கற்றாள், அரைகுறை. உலகம்மைக்குத் தெரியாது என்று போட்டேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் தண்ணீரில் இறங்கியதே இல்லை. இறங்காதவரைத் தெரியாதவர் என்று எழுதுவதில் பெரிய தவறில்லை.

எனக்குத் தெரியும் என்று போட்டேன்.

நான் அருப்புக்கோட்டைக்காரன். எங்கள் ஊர்க் கிணற்றில் வாளிக்கே முழுக ஆழம் இருக்காது. ஆனால் சகலைக்குப் பச்சை, பயணத்தை நடத்துபவனுக்குச் சிவப்பு என்றால் நன்றாகவா இருக்கும்? இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டால் எழுதியது உண்மையாகிவிடும்.

ஏப்ரல் 9, புதன்

படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தது.

ஏப்ரல் 12, சனி

யாழினி கேட்டாள். "அப்பா, ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா? சொன்னதே இல்ல?"

"கிணத்துல பழகுனதும்மா. சின்ன வயசுல."

"எந்தக் கிணறு?"

பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாமே விவரமாக வேண்டும். பெரியப்பா தோட்டத்துக் கிணறு என்றேன். எங்களுக்குத் தோட்டமே கிடையாது. உலகம்மை அடுப்படி வாசலில் எண்ணெய்த் தூக்கோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். காலை ஆறு மணி, ஆரம்பநிலை வகுப்பு. வீட்டில் 'சந்தையில் தராசுச் சோதனை' என்று சொல்லியிருக்கிறேன். வகுப்பில் மொத்தம் பதின்மூன்று பேர். என்னைத் தவிர எல்லாரும் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு.

சொல்லிக்கொடுப்பவர் ஜெசிந்தா டீச்சர். முப்பது வயதுகூட இருக்காது. "சார், மூக்க விடுங்க. தண்ணிக்குள்ள மூச்ச ஊதுங்க. பிள்ளைங்கள்லாம் எப்படி ஊதுது பாருங்க" என்றார். பிள்ளைகள் ஊதிக் காட்டின. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டே நான்கு விநாடி முகத்தை நனைத்தேன்.

ஏப்ரல் 19, சனி

ஈரக் கால்சட்டையை எங்கே காயப்போடுவது என்பது பெரும் பாடாக இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அலுவலகத்தில் முத்திரை எடைக்கற்கள் வைத்திருக்கும் இரும்பு அலமாரிக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். ஐந்து கிலோ கல்லில் சொட்டிவிட்டது. துடைத்துவிட்டேன். அந்தக் கற்களை வைத்துத்தான் ஊரில் உள்ள பொய்க் கற்களைப் பிடிக்கிறோம்.

மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு பத்தடி போனேன். காலை உதைத்தால் பின்னோக்கிப் போகிறேன். ஏனென்று டீச்சருக்கே விளங்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஆவுடையப்பன் அண்ணாச்சி அம்பாசமுத்திரத்திலிருந்து போனில் கூப்பிட்டார். போக்குவரத்து, தங்கல் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "சகல, உலகுக்குத்தான் ரொம்பச் சந்தோசமா இருக்கும். தண்ணின்னா உசிருல்லா அவளுக்கு. மீன்குஞ்சுல்லா! அன்னைக்கு ஒங்க மறுவீட்டுல ஆத்த அக்கரைக்கும் இக்கரைக்கும் எத்தனவாட்டி கடந்தா! நீங்க படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தீயளே."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி எதையும் பெரிதாக்கித்தான் பேசுவார். நடந்தது இதுதான். கல்யாணமான நான்காம் நாள், மறுவீட்டுக்கு அம்பாசமுத்திரம் போயிருந்தோம். எல்லாரும் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனோம். உலகம்மை நீந்தினாள். துணி உடம்போடு ஒட்டியிருந்தது. எதிர்க்கரையில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். புருஷன் என்ற முறையில் மேலே ஏறச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சொந்தக் கதை எழுதுவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

"சந்தையில என்ன, பிளீச்சிங் பவுடரா தூவுதாங்க?" உலகம்மை என் தலைப்பக்கம் குனிந்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

மீன் கடைப் பக்கம் தூவுகிறார்கள் என்றேன். "மீன் வாடையே இல்லையே" என்றாள். காப்பி ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றினேன். காப்பி கொதித்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

யாழினி பெரியம்மாவிடம் போனில் பேசியிருக்கிறாள். வைத்ததும் ஓடிவந்து உலகம்மையைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ ஆத்த நீந்தியே கடப்பியாம்ல! மண்டபத்து மேல ஏறிக் குதிப்பியாம்! பெரியம்மா சொல்றாங்க."

உலகம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அது வேற யாரோ ஒரு பிள்ள" என்றாள்.

"அப்ப ஏம்ப்பா ஃபார்ம்ல அம்மாவுக்குத் தெரியாதுன்னு போட்டிருக்கீங்க? ஒங்க போன்ல பாத்தேன்."

என் போனை யார் எடுக்கச் சொன்னது என்று கத்தினேன். பெரியவர்கள் காரியத்தில் மூக்கை நுழைக்காதே என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிள்ளை அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டது. உலகம்மை என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் இன்னும் கத்தியிருப்பேன், அதுவும் எனக்குத் தெரியும்.

முகாமுக்கு ஒரு போன் போட்டால் திருத்திவிடலாம். எண் இருக்கிறது. போடவில்லை. அவளுக்குப் பச்சை கட்டினால் அவள் நீந்துவாள். அவள் நீந்தினால் எல்லாரும் என்னையும் இறங்கி நீந்தச் சொல்வார்கள்.

மே 1, வியாழன்

விடுமுறை என்றாலும் வகுப்பு உண்டு. இன்று ஆழப் பக்கம் கொண்டுபோனார்கள். தரை காலுக்கு எட்டவில்லை. பயத்தில் ஜெசிந்தா டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவரையும் அமுக்கிவிட்டேன். குளத்துக் காவலர் குதித்து எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டார். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டின. டீச்சர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க கத்துக்குவீங்க. ஆனா பத்து நாள்ல முடியாது. தயவுசெஞ்சு எங்கயும் எறங்கிடாதீங்க."

வீட்டுக்கு வரப் பிடிக்காமல் குளத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பத்து நாள் முன்பு எழுதியதில் ஒரு திருத்தம் உண்டு.

எதிர்க்கரையில் ஆட்கள் யாரும் இல்லை. இரண்டு எருமைகள் மட்டும் நின்றன.

புது மாப்பிள்ளை நான் முழங்காலளவுத் தண்ணீரில் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆவுடையப்பன் நடு ஆற்றிலிருந்து "சகல, எறங்குங்க!" என்று கத்தினார். ஒன்றுவிட்ட மச்சினன்மார், கொழுந்தியாமார் என்று பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஒருவர் பின் ஒருவராக எல்லாருக்கும் விளங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கேலிச் சிரிப்புத்தான், கெட்ட சிரிப்பில்லை. உலகம்மை நீந்தி என்னிடம் வந்தாள். முகமெல்லாம் தண்ணீர். கையை நீட்டி, "வாங்க, நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றாள். சிரிப்பு இன்னும் கூடியது.

"வெக்கமா இல்ல ஒனக்கு? இப்படியா ஒடம்பக் காட்டுறது? மேல ஏறு" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி.

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஏறினாள். சொர்ணம் மதினி துண்டைப் போர்த்திவிட்டார். அதன் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துவிட்டு எழுந்துவிடுவாள். நான் அதைக் கவனிக்காதவன்போல இருந்து வந்திருக்கிறேன். அடக்கமான பெண் என்று என் அம்மா பலரிடம் பெருமையாகச் சொன்னபோதும் பேசாமல்தான் இருந்தேன்.

மே 4, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. புளியோதரைக்கு நல்லெண்ணெய் வாங்கிவந்தேன். வேனுக்கு ஆள் பேசியாயிற்று.

மே 9, வெள்ளி

பை கட்டுகிறோம். யாழினி தன் அம்மாவுக்காகக் கறுப்பு முழுக்கால் நீச்சல் உடையும் நீளக்கைச் சட்டையும் எடுத்து வைத்தாள். உலகம்மை அவற்றை வெளியே எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். "எனக்கெதுக்குளா இது? நான் சோத்துக்குக் காவல்" என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் யாழினி அவற்றைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். அன்று கத்தியதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், வேனுக்கு நேரத்தோடு எழுந்துவிடு என்றேன்.

மே 10, சனி

ஏரி அழகாகத்தான் இருக்கிறது. நாலாபக்கமும் மலை. ஆவுடையப்பன் இறங்கியதும் என் தோளில் தட்டி, "சகல, குற்றாலத்த நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றார். இதற்காகத்தான் ஒரு மாதம் அலைந்தேன். சந்தோஷம் வரவில்லை.

முகாம் வழிகாட்டி ஷிபு என்கிற மலையாளி இளைஞர். மரத்தடியில் நிற்கவைத்துப் படிவத்தைப் பார்த்துப் பார்த்துப் பட்டை கட்டினார். எனக்குப் பச்சை. உலகம்மைக்குச் சிவப்பு.

ஆவுடையப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ தம்பி, ஆளப் பாத்துக் கெட்டும். அவளுக்கா செவப்பு? தாமிரவரணியில கேளும் அவளப் பத்தி."

"ஃபார்ம்ல அறியாதுன்னாணு சேட்டா. ஆரு எழுதியது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையில் கட்டிய பச்சைப் பட்டையைத் திருகினேன்.

"நாந்தான் அப்படி எழுதச் சொன்னேன்" என்றாள் உலகம்மை. "பழக்கம் விட்டுப்போச்சுல்லா அத்தான்."

என் முகத்தைப் பார்க்காமல் அண்ணாச்சியிடம் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவளுக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட் பூட்டவில்லை. ஷிபு பெரிய அளவு எடுத்துவந்தார். ஐம்பத்தெட்டு என்று யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அவளே பொறுப்பேற்றிருப்பாள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போகாமல் சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நான் கயாக்கில் ஏறிக் கரையிலிருந்து இருபதடி போனேன். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. வெயில் தலைவலி என்று திரும்பிவிட்டேன்.

மாலை நான்கு மணிக்கு ஷிபு நாளைக்கான விதியை வாசித்தார். ஆற்றில் பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தனியாக விடமாட்டார்கள். பச்சைப் பட்டை போட்ட பெரியவர் ஒருவர் அதே படகில் பின்னால் உட்காரவேண்டும். "கயாக் மறிஞ்ஞால் குட்டியைப் பிடிக்கணும்" என்றார். படகு கவிழ்ந்தால் பிள்ளையைப் பிடிக்கவேண்டுமாம். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அப்பாகூட" என்றாள். கத்திய அப்பனோடு சமாதானமாகப் போக வந்திருக்கிறாள்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

ஆற்றங்கரையில் படகுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அணையிலிருந்து விட்ட தண்ணீர் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. யாழினி முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாங்கப்பா" என்று கையை நீட்டினாள்.

அதே நீட்டல். அதே கை. அன்று உலகம்மை நீட்டியதும் இப்படித்தான்.

"எறங்கும்மா" என்றேன். "எனக்கு நீச்சல் தெரியாது."

ஆவுடையப்பன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நான் பச்சைப் பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தேன். "படிவத்துல பொய் எழுதினேன் அண்ணாச்சி. எனக்குத் தெரியும்னு எழுதினேன். இவளுக்குத் தெரியாதுன்னும் நான்தான் எழுதினேன். இவ சொல்லல. மறுவீட்டுல அன்னைக்கு ஆத்துல கத்தினேனே, அது துணிக்காக இல்ல. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க, எனக்குத் தாங்கல. இவளுக்கு நீந்தத் தெரியுதேன்னு தாங்கல."

சொர்ணம் மதினி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். யாழினி படகிலிருந்து இறங்கி என்னைத் தாண்டிப்போய் அவள் அம்மா பக்கத்தில் நின்றாள். பைக்குள் கையை விட்டு அந்தக் கறுப்பு உடையை எடுத்து நீட்டினாள்.

ஷிபுதான் பேசினார். சற்று மேலே தண்ணீர் ஓட்டமில்லாத தேங்கல் இருக்கிறது, அங்கே மிதக்கும் சிவப்புப் பந்து வரை நீந்தித் தொட்டால் பச்சைப் பட்டை தரலாம் என்றார். உலகம்மை சற்று நேரம் உடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கிக்கொண்டு உடை மாற்றும் குடிசைக்குள் போனாள்.

இறங்கும்போது இடுப்பளவு வரை நின்று நின்றுதான் போனாள். பிறகு சட்டென்று முன்னால் சாய்ந்தாள். என்ன அழகு! சத்தமே இல்லை. தண்ணீர் விலகி வழி விட்டது. ஆவுடையப்பன் "அப்படிப் போடு!" என்று கத்தினார். நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

பாதித் தூரத்தில் நின்றாள். கையை இரண்டு முறை வீசினாள், முன்னால் போகவில்லை. ஷிபு இறங்கத் தயாரானார். அவள் மல்லாந்து மிதந்து, மூச்சு வாங்கி, மெதுவாகத் திரும்பிக் கரைக்கே வந்தாள். பந்தைத் தொடவில்லை.

யாழினி சொர்ணம் மதினியோடு ஆற்றில் போனாள். ஆவுடையப்பன் தனியாகப் போனார். நானும் உலகம்மையும் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எனக்கும் சிவப்பு கட்டியிருந்தார்கள். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டை நீட்டினேன், வாங்கவில்லை.

"பயந்துட்டேன்" என்றாள். "நடுவுல போயி ஆழத்தப் பாத்ததும் பயந்துட்டேன். எனக்குத் தண்ணியில பயமே இருந்ததில்ல, தெரியுமா?"

தெரியும் என்றேன். மன்னிச்சிரு என்றேன். அந்தச் சொல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவள் தலைமுடியை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்தாள். பிறகு சொன்னாள்: "நீச்சல் தெரியாதுன்னு சொல்லிருந்தா நான் சிரிச்சிருக்கவே மாட்டேன். ஏறுன்னு சொன்னதக்கூட விட்டுத் தள்ளலாம். என் ஒடம்புலதான் ஏதோ அசிங்கம் இருக்கு போலன்னு இத்தன வருசம் நெனச்சிக்கிட்டிருந்தேன். குளிக்கையில கண்ணாடியப் பாக்க மாட்டேன். யாழினி வயசுக்கு வந்தப்ப அவகிட்டயும் மூடு மூடுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எல்லாம் நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக."

ஒரே ஒரு வார்த்தை என்று நானும் இந்த டைரியில் எழுதியிருக்கிறேன்.

மே 12, திங்கள்

ஊர் வந்து சேர்ந்தோம். அழுக்குத் துணி இரண்டு வாளி. நான் துவைத்தேன். யாழினி என்னோடு பேசவில்லை. கொடியில் உலகம்மையின் கறுப்பு உடைக்குப் பக்கத்தில் என் நீச்சல் கால்சட்டையையும் வெளிப்படையாகவே காயப்போட்டேன்.

மே 14, புதன்

காலை ஐந்தே முக்காலுக்குப் பையை எடுத்தேன்.

"சந்தைக்கா?" என்று கேட்டாள் உலகம்மை. குரலில் கிண்டலா கோபமா, பிடிபடவில்லை.

"இல்ல. நீச்சல் குளத்துக்கு. சின்னப் பிள்ளைங்க வகுப்பு. போன மாசத்துலேர்ந்து போறேன்."

"பிளீச்சிங் பவுடர் வாடையிலயே தெரிஞ்சு போச்சு" என்றாள். "பொம்பளையளுக்கு வகுப்பு உண்டா அங்க?"

"ஏழு மணிக்கு இருக்கு. ஒனக்கும் ஒரு படிவம் நிரப்பிக் குடுத்துட்டு வரட்டா?"

கேட்டு முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்" என்றாள். "வெறும் படிவமாக் கொண்டாங்க. நான் எழுதிக்கிடுதேன்."

கொண்டுவந்து கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்து, யாழினியின் பேனாவால், நிதானமாக எழுதினாள். எடை என்ற இடத்தில் அறுபத்தேழு. நீந்தத் தெரியுமா என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. எதிரில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அவள் 'தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.